கந்தகமும் பஜ்ஜி எண்ணெயும்

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் போய் ஒரு வாரம் கழித்து, என் மாணவன் ஒருவனோடு எண்ணூர் முகத்துவாரம் பக்கம் போயிருந்தேன். அவன் வீடு அங்கேதான், குப்பத்தில். வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகம் முழுக்கப் படர்ந்து, கரையில் கட்டியிருந்த ஃபைபர் படகுகளின் வயிற்றைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புப் பட்டை போட்டிருந்தது. அலையாத்திச் செடிகளில் தண்ணீர் தொட்ட உயரம் வரைக்கும் இலையெல்லாம் தாரில் முக்கி எடுத்ததுபோல இருந்தன. அதை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் கையில் என்ன இருந்தது தெரியுமா, குளிக்கிற மக்கு. சிலரிடம் வீடு பெருக்கும் முறம். படகில் குனிந்து மக்கால் மொண்டு பேரலில் ஊற்றுகிறார்கள், மொண்டதில் பாதிக்குமேல் தண்ணீர், திரும்பவும் குனிகிறார்கள்.

மாணவனின் அப்பா வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்தார். தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கையைத் தேய்த்தார், அப்புறம் துணி சோப்பு, அப்புறம் திரும்பவும் தேங்காய் எண்ணெய். நகக்கண்ணிலும் ரேகையிலும் இருந்த கறுப்பு போகவே இல்லை. அந்தக் கையோடுதான் சோறு சாப்பிட்டார். அவர் வலையைக் கொல்லையில் சுருட்டிப் போட்டிருந்தார், அது இனி எதற்கும் ஆகாது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் இதே கடற்கரையில் ஜனங்கள் வாளியை வைத்துக்கொண்டுதான் எண்ணெய் அள்ளினார்கள். அன்றைக்கு வாளி, ஏழு வருஷம் ஆகப்போகிறபோது மக்கு. நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். வீடு திரும்பும்போது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான்: முதல் நாளே இவர்கள் கையில் இருக்கவேண்டிய பொருள் ஏன் இல்லை?

அப்படி ஒரு பொருள் இருக்கிறது. அதுவும் இரண்டு கழிவுகளிலிருந்தே செய்யக்கூடியது. ஒன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் மிஞ்சுகிற கந்தகம், இன்னொன்று பஜ்ஜி பொரித்து முடித்த எண்ணெய்.

முதலில் கந்தகத்தைப் பார்ப்போம். பூமியிலிருந்து எடுக்கிற கச்சா எண்ணெயிலும் இயற்கை எரிவாயுவிலும் கந்தகம் கலந்தே வருகிறது. அதை நீக்காமல் எரித்தால் கந்தக டை ஆக்சைடாகக் காற்றில் கலந்து, மூச்சை அடைக்கும், அமில மழையாக இறங்கும். அதனால்தான் டீசலில் எவ்வளவு கந்தகம் இருக்கலாம் என்று அரசாங்கங்கள் வரம்பு வைக்கின்றன. நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது அந்த வரம்பு 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) என்பதிலிருந்து 10 பி.பி.எம். ஆகக் குறைந்தது. காற்றுக்கு நல்லது, ரொம்ப நல்லது. ஆனால் நீக்கிய கந்தகம் எங்கே போகும்? ஆலையில் அதை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகப் பிரித்து, கிளாஸ் முறை என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிற வழியில் மஞ்சள் கந்தகமாக மாற்றிவிடுகிறார்கள். உலகம் முழுக்க இப்படி ஆண்டுக்கு 6 கோடி டன்னுக்கு மேல் வெளிவருகிறது. பெரும்பகுதி கந்தக அமிலமாகி உரத் தொழிலுக்குப் போகிறது, ரப்பருக்குக் கொஞ்சம், நம் சிவகாசிப் பட்டாசுக்குக் கொஞ்சம். கேட்பார் இல்லாத இடங்களில் திறந்தவெளியில் மஞ்சள் மலையாகக் குவிந்து கிடக்கிறது, படம் பார்த்தால் மிரண்டுவிடுவீர்கள்.

இந்த மஞ்சள் மலையைப் பார்த்து "இதிலேயே பிளாஸ்டிக் செய்தால் என்ன?" என்று யோசித்தவர் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஜெஃப்ரி ப்யூன். கந்தகத்தை உருக்கினால் ஏறக்குறைய 115 டிகிரியில் மஞ்சள் திரவமாகும். எட்டு அணுக்கள் கைகோத்த வளையங்கள் அப்போதும் அப்படியே இருக்கும். சூட்டை 160 டிகிரி பக்கம் கொண்டுபோனால் வளையங்கள் அறுந்து, இரண்டு முனையும் துடிக்கிற சங்கிலிகளாகி ஒன்றோடொன்று பிணைய ஆரம்பிக்கும், நிறம் சிவக்கும், திரவம் பாகுபோல இறுகும். ஆனால் அதை அப்படியே ஆறவிட்டால் சங்கிலி சிதைந்து, கொஞ்ச நாளில் பழைய மஞ்சள் தூளாகவே ஆகிவிடும். துடிக்கிற அந்த முனைகளை இரட்டைப் பிணைப்புள்ள ஒரு கரிமச் சேர்மத்தோடு பிணைத்துவிட்டால் சங்கிலி நிலைத்துவிடும் என்று ப்யூன் குழு 2013இல் காட்டியது. டயர் செய்ய நிறைய ரப்பரில் துளி கந்தகம் சேர்க்கிறோமே, வல்கனைசேஷன், அதைத் தலைகீழாக்கி நிறையக் கந்தகத்தில் கொஞ்சம் கரிமப் பொருள் சேர்த்தார்கள். பெயரும் அதேதான், தலைகீழ் வல்கனைசேஷன்.

அதைக் கழிவோடு கழிவு சேர்க்கிற வேலையாக மாற்றியது ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்து ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் சாக்கர் குழு. 2015இல் ஆரஞ்சுத் தோலிலிருந்து கிடைக்கும் லிமோனீனைக் கந்தகத்தோடு சேர்த்தார்கள். 2017இல் கனோலா எண்ணெய் (கடுகு இனத்து விதையின் எண்ணெய்), அதுவும் உணவகங்களில் பொரித்து முடித்த எண்ணெயே போதும் என்று காட்டினார்கள். கந்தகம் பாதி, எண்ணெய் பாதி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது உப்புத் தந்திரம். கெட்டியாகும் முன்பே பொடித்த சாதாரண உப்பை நிறையக் கொட்டிக் கலந்துவிடுகிறார்கள், இறுகிய பிறகு தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து வெளியேறி, அது இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். கடைசியில் கிடைப்பது பழுப்பு நிறத்தில், ரவைக் கேசரியை உதிர்த்ததுபோல, அழுத்தினால் அமுங்குகிற ரப்பர்த் துணுக்குகள்.

அவர்கள் முதலில் குறிவைத்தது பாதரசத்தை. சிறு அளவில் தங்கம் தோண்டுகிறவர்கள் பாதரசத்தைக் கலந்து தங்கத்தைப் பிரிக்கிறார்கள். உலகத்தில் மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு மிகப் பெரிய காரணம் இன்றைக்கு அதுதான். பாதரசமும் கந்தகமும் ஒன்றையொன்று விடாது. இது நமக்குப் புதிய சேதி இல்லை. சித்த மருத்துவத்தில் ரசத்தைக் கட்டக் கந்தகம் என்பது எவ்வளவு பழைய பேச்சு! சாதிலிங்கம் என்கிறோமே, அதுவே பாதரசமும் கந்தகமும் கூடியதுதான். ஆய்வகத்தில் தெர்மாமீட்டர் உடைந்தால் நானும் மேசை இடுக்கில் கந்தகப் பொடியைத்தான் தூவுவேன். ஆனால் வெறும் பொடி காற்றில் பறக்கும், தீப்பிடிக்கும், ஒரு குளத்துக்கோ வயலுக்கோ அதைத் தூவ முடியாது. ரப்பர்த் துணுக்காக இருந்தால் மண்ணில் கலக்கலாம், சல்லடை போட்டுத் திரும்ப எடுக்கலாம், பாதரசத்தைப் பிடித்ததும் பழுப்பு கறுப்பாகிவிடுவதால் கண்ணாலேயே தெரியும். 2001இல் மூடிய கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த மண்ணை நினைக்காமல் என்னால் இதைப் பற்றிய அவர்கள் கட்டுரையைப் படிக்க முடியவில்லை.

அப்புறம் 2018இல்தான் எண்ணெய்க் கசிவுக்கான கட்டுரை வந்தது. அதே துணுக்குகளை எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் தூவினால், அவை தண்ணீரை அண்டவிடாமல் எண்ணெயை மட்டும் உறிஞ்சி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளாக மிதக்கின்றன. வலை போட்டு அள்ளிவிடலாம். பிழிந்தால் எண்ணெய் திரும்பக் கிடைக்கும், துணுக்கைத் திரும்பப் பயன்படுத்தலாம். வலை போட்டு அள்ளலாம் என்ற வரியைப் படித்தபோது எனக்கு எந்த ஊர் ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. எண்ணூர்க்காரர்களுக்கு வலை போடச் சொல்லித்தரவா வேண்டும்?

அதனால் 2024 கோடை விடுமுறையில் மூன்று மாணவர்களை வைத்துக்கொண்டு எங்கள் ஆய்வகத்தில் செய்துபார்த்தோம். இதைப் படித்துவிட்டு வீட்டு அடுப்பில் யாரும் முயலவே கூடாது, ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் முதல் முயற்சியில் சூடு 180 டிகிரியைத் தாண்டி எகிறிவிட்டது. இந்த வினை தானே வெப்பம் விடக்கூடியது, ஒருமுறை வேகம் பிடித்தால் அடங்காது. பீக்கரில் நுரை பொங்கி, அழுகிய முட்டை நாற்றம் வந்தது. அந்த நாற்றம்தான் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடினால் ஆளைக் கொல்லும், அதைவிட மோசம், அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபியூம் ஹூடுக்குள் வைத்திருந்ததால் தப்பித்தோம். அன்றைக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டேன், அதற்கப்புறம் ஒரு வேளைக்கு 20 கிராமுக்கு மேல் கந்தகம் எடுக்கவில்லை.

இரண்டாவது தடவை பொறுமையாகச் செய்தோம். உருகிய கந்தகம் கீழே தேன் நிறத்தில், எண்ணெய் மேலே தனியாக, இரண்டு அடுக்கு. கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சில நிமிஷம் ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும். பிறகு எல்லைக்கோடு மங்கி, கலங்கி, சட்டென்று ஒரே பழுப்புத் திரவமாகும். அந்தக் கணத்துக்குக் காத்திருந்து உப்பைக் கொட்ட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் உள்ளே சுழன்று கலக்குகிற காந்தத் துண்டு சுழல மறுத்து நின்றுவிடும், மொத்தமும் ஒரே கட்டி. வெந்ததை ஆறவைத்து, உரலில் இடித்து, மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்தோம். காய்ந்த பிறகு தீக்குச்சி மருந்து வாசம் லேசாக வந்தது. இதற்கு ஒரு பழைய உறவுக்காரர் உண்டு, ஃபாக்டிஸ் என்று, தாவர எண்ணெயைக் கந்தகத்தோடு காய்ச்சிச் செய்வது, பள்ளிக்கூட அழிரப்பரில்கூடப் போடுவார்கள். எங்கள் துணுக்கைக் கையில் தேய்த்தபோது அந்த அழிரப்பர்த் தூள் ஞாபகம்தான் வந்தது.

ஒரு டிரேயில் கடல் தண்ணீர், அதன்மேல் டீசல். ஒரு பிடி தூவினோம். சரசரவென்று மினுமினுப்பு சுருங்கி, துணுக்குகள் ஒன்றாகக் கூடி அடைபோல மிதந்தன. டீ வடிகட்டியால் எடுத்தோம். கீழே இருந்த தண்ணீரில் வானவில் நிறம் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் மிச்சம். அந்தக் கோட்டுக்கு இன்னும் இரண்டு சிட்டிகை. என் மாணவன், மேலே சொன்னேனே, அந்த எண்ணூர்ப் பையன், அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, டிரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

ஆனால் இது சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. கல்லூரி வாசல் பஜ்ஜிக்கடை அக்காவிடம் வாங்கிய எண்ணெயில் செய்தபோது கிடைத்தது துணுக்கு இல்லை, விரலில் ஒட்டுகிற மெழுகு. காரணம் யோசித்தால் எளிது. கந்தகம் பிடித்துக்கொள்ள இரட்டைப் பிணைப்பு வேண்டும். அதை அளக்கிற அயோடின் எண் கனோலாவுக்கு 110க்கு மேல், சூரியகாந்திக்கு 120க்கும் மேல், பாமாயிலுக்கு 50 சொச்சம்தான். நம் ஊர் பஜ்ஜி, வடை, சிப்ஸ் எல்லாம் ஓடுவது பாமாயிலில். ஆஸ்திரேலியாவில் வயல் வயலாகக் கனோலா விளைகிறது, அவர்கள் செய்முறையை அப்படியே எடுத்து இங்கே போட்டால் ஒட்டாது. பாமாயிலோடு சூரியகாந்தியோ தவிட்டெண்ணெயோ கலந்து எந்த விகிதத்தில் நிற்கிறது என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாதிக்குப் பாதி போட்டால் உதிர்கிறது, கொஞ்சம் மெதுவாகத்தான், ஆனால் உதிர்கிறது.

இந்தப் பொருளால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எடைக்கு எடை பார்த்தால் பஞ்சு இதைவிட நிறையக் குடிக்கும். நூற்புக்கு ஆகாத, முற்றாத மட்டப் பஞ்சு தன் எடையைப்போல 30 மடங்கு கச்சா எண்ணெயை உறிஞ்சும் என்று டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் சேஷாத்ரி ராம்குமார் குழு காட்டியிருக்கிறது. அதுவும் ஒதுக்கித் தள்ளுகிற சரக்குதான், அதையும் மூட்டை கட்டி வைக்கலாம், எனக்கு மறுப்பே இல்லை. கப்பலில் எரிக்கிற கனத்த எண்ணெய் தாராக இறுகிப்போன பிறகு எந்த உறிஞ்சியும் திணறும், அதை மண்வெட்டியால்தான் எடுக்க வேண்டும். பயன்படுத்தித் தேய்ந்த துணுக்கைக் கண்ட இடத்தில் எரித்தால் கந்தக டை ஆக்சைடு வரும், பாதரசம் பிடித்ததென்றால் அபாயக் கழிவாகவே பத்திரப்படுத்த வேண்டும். ஆனால் இன்றைக்குக் கசிவு நடந்தால் வரவழைக்கிற உறிஞ்சு விரிப்புகளில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீன், அதாவது பெட்ரோலியத்திலிருந்தே செய்த பிளாஸ்டிக். பெட்ரோலியத்தைத் துடைக்கப் புதிதாகப் பெட்ரோலியத்தைச் செலவழித்து, ஒருமுறை துடைத்துவிட்டு எரிக்கிறோம். ஏற்கெனவே குவிந்து கிடக்கிற கந்தகத்தை எடுத்துப் பயன்படுத்துவது அதைவிட எவ்வளவோ மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பழைய எண்ணெய் கிடைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2018 ஜூலையிலிருந்து, பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சிதைந்து உண்டாகிறவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வைத்திருக்கிறது. அந்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆக்கும் திட்டமும் அப்போதே தொடங்கியது. பெரிய ஹோட்டல்கள் அதற்குக் கொடுக்கின்றன, நல்லதுதான். ஆனால் சின்னக் கடைகளில் நடப்பது வேறு. பஜ்ஜிக்கடை அக்கா சொன்னார், பெரிய கடையில் கறுத்த எண்ணெயைக் கேனில் வாங்கிவந்து தள்ளுவண்டிக்காரர்களுக்கு விற்க ஆள் வருவாராம், லிட்டருக்கு இவ்வளவு என்று பேரம் பேசுவாராம். அந்த எண்ணெய் நம் பிள்ளைகள் வயிற்றுக்குள் போவதைவிட, துணுக்காகி எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகட்டும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கந்தகம் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலேயே கிடைக்கிறது, குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். செய்முறை 2017லிருந்து வெளிப்படையாக இருக்கிறது. சாக்கருக்கு 2020இல் ஆஸ்திரேலியப் பிரதமரின் அறிவியல் பரிசுகளில் ஒன்றே கொடுத்துவிட்டார்கள், இது யாரோ ஒரு மூலையில் செய்த விளையாட்டு இல்லை. அதே துணுக்கோடு கரித்தூள் சேர்த்துத் தீயணைப்பு நுரையிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் பிஃபாஸ் என்ற வேதி நச்சைப் பிடிக்கவும் அவர்கள் 2019இல் வழி காட்டினார்கள். இங்கே ஒரு சிறு ஆலை, முறையான காற்றுப்போக்கியோடு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஆட்களோடு. செய்ததை மூட்டையில் கட்டி ஒவ்வொரு குப்பத்திலும் மீனவர் கூட்டுறவு சங்கக் கட்டிடத்திலோ ஏலக்கூடத்திலோ நாலு மூட்டை, பத்து ஜோடி கையுறை, ரப்பர் பூட்ஸ். அவ்வளவுதான். எண்ணெய் பரவுவது மணிக்கணக்கில், உதவி வருவது நாள்கணக்கில். இடையில் இருக்கிற நேரத்தில் கரையில் நிற்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான், இரண்டு தடவையும் அதைப் பார்த்துவிட்டோம். எண்ணெய் யார் விட்டது என்ற வழக்கு ஒருபக்கம் நடக்கட்டும், நடந்தே ஆகவேண்டும், இழப்பீடு வரட்டும். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு அந்தச் சேறு சுத்தமாக வேண்டும், வழக்கு முடிகிற வரைக்கும் இறால் காத்திருக்காது.

போன மாதம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையத் துணுக்கு எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். மாணவனின் அப்பா ஒரு கை அள்ளி நசுக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "நல்லாதான் மேடம் இருக்குது. அடுத்த தபா எண்ண வர சொல்லோ இது எங்க கைல இருக்குமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இந்த ஒரு பாட்டில்தான் இப்போதைக்கு இருக்கிறது என்றேன்.

அவர் அதை வீணாக்கவில்லை. பழைய வலைத்துண்டில் இரண்டு கை போட்டு முடிச்சுக் கட்டி, படகில் எஞ்சினுக்குக் கீழே தேங்குகிற தண்ணீரில் போட்டுவைத்தாராம். டீசல் சொட்டி அந்தத் தண்ணீர் எப்போதும் எண்ணெயாகவே இருக்கும், அதைத்தான் தினமும் மொண்டு ஆற்றில் ஊற்றுவார்கள். நாலு நாள் கழித்து முடிச்சை எடுத்துப் பிழிந்து டீசலை ஒரு டப்பாவில் பிடித்துவிட்டு, திரும்ப அதையே போட்டிருக்கிறார். நேற்று மாணவன் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றான். பக்கத்துப் படகுக்காரர்கள் ஆறு பேர் கேட்கிறார்களாம், மேடம், எவ்வளவு செய்ய முடியும் என்று கேட்டான். திங்கட்கிழமை மறுபடி கந்தகம் உருக்குகிறோம், 20 கிராம் 20 கிராமாக.